ஜிலேபி மீனில் எது அம்மா?

பிள்ளைகளா, கன்றுக்குட்டி தள்ளாடி எழுந்து நிற்பதற்குள் அது கிடேரியா காளையா என்று சொல்லிவிடுவேன். கோழிக்குஞ்சுகூடக் கொஞ்சம் வளர்ந்தால் சேவலா பெட்டையா என்று காட்டிக்கொடுத்துவிடும். ஜிலேபி மீனிடம்தான் நான் முழி பிதுங்கிப்போனேன்.

ஆற்றில் தண்ணீர் விட்ட புதிதில், எங்கள் குறுவை வயலின் மடையில் இரண்டு ஜிலேபி மாட்டின. ஒன்று பெரியது, மற்றது சிறியது. குழம்புக்குக் காணாது என்று என் மகள் அவற்றைப் பம்புசெட்டுத் தொட்டியில் விட்டுவிட்டாள். அவை குஞ்சு பொரிக்க வேண்டும், அதைப் பார்க்க வேண்டும். அவளுக்கு அதே நினைப்பு. எது அம்மா என்று கேட்டாள்.

எங்கள் பக்கத்தில் கெண்டை வாங்கும்போது வயிற்றை அமுக்கிப் பார்ப்போம். பருத்திருந்தால் சினை. அந்தப் பழக்கத்தில் பெரியதைக் காட்டி, இதுதான் அம்மா என்றேன். அதுவும் சில நாளில் உடம்பு கறுத்து, செதில் ஓரம் சிவந்து, தொட்டியடி வண்டலில் வட்டமாகக் குழி பறித்தது. பிரசவத்துக்கு இடம் பார்க்கிறது என்று நினைத்தேன்.

ஆனால் குழியில் முட்டை ஒன்றையும் காணோம். செல்போனில் ஒரு வீடியோ பார்த்தேன். மீனைப் புரட்டி, வயிற்றுக்கடியில் இருக்கும் துளைகளைப் பார்க்கச் சொன்னார்கள். கண்ணாடி போட்டுப் பார்த்தேன். சின்ன மேடு தெரிந்தது. அது என்ன சொல்கிறது என்றுதான் தெரியவில்லை. கடற்கரையிலிருந்து மொபெட்டில் வரும் மீன்காரம்மாவிடம் கேட்டேன்.

"அறுத்தா தெரியும்ணே. உள்ள முட்டை இருந்தா பொண்ணு," என்றார்.

என் மகள் அன்று அவரிடம் மீன் வாங்கவே விடவில்லை.

அதற்குள் சிறிய மீன் தவிடு தின்பதை நிறுத்திவிட்டது. வாயை இறுக மூடிக்கொண்டு மூலையிலேயே நின்றது. தொண்டை வீங்கியிருந்தது. கோமாரி வந்த மாடும் இப்படித்தானே தீனி எடுக்காமல் நிற்கும்? நோய்ப்பட்டதைப் பிரித்துக் கட்டுவதுதான் எங்கள் வழக்கம். அம்மா மீனுக்கு ஒட்டிவிடக் கூடாது என்று சிறியதைப் பிடித்து வாளிக்குக் கொண்டுபோனேன்.

கையிலேயே அது வாயைத் திறந்தது. மஞ்சள் மஞ்சளாக முட்டைகள் வாளித் தண்ணீரில் கொட்டின.

எனக்கு ஒன்றும் ஓடவில்லை. அப்படியானால் குழி பறித்த கறுப்பன் அப்பாவா? வயிற்றில் இருக்க வேண்டியது வாயில் எப்படி? இந்தச் சின்னதுதான் அம்மா என்றால் தன் முட்டையையே தின்றுகொண்டிருந்ததா? மீனைத் திரும்பத் தொட்டியில் விடுவதா, முட்டையை அள்ளுவதா என்று கையைத் தண்ணீருக்குள் வைத்துக்கொண்டு நின்றேன்.

"கைய எடுப்பா. அது பயப்படுது," என்றாள் மகள்.

வாளியில் ஈரச் சாக்கைப் போட்டு மூடிவிட்டு விலகிப் போனோம். சாயங்காலம் திறந்தால் முட்டை ஒன்றுகூட இல்லை. மீனின் தொண்டை மறுபடி புடைத்திருந்தது. தின்றுவிட்டது என்றாள் என் மனைவி. வைத்திருக்கிறது என்றாள் மகள். நான் இரண்டு பேருக்கும் தலையாட்டினேன். மீனை மட்டும் அண்டா நிறையத் தண்ணீரில் தனியாக விட்டேன்.

ஒரு வாரத்துக்கு மேலானது. ஒரு காலையில் அதன் முகத்தைச் சுற்றி எள்ளளவு குஞ்சுகள் நீந்தின. மகளைக் கூப்பிட்டேன். எங்கள் நிழல் தண்ணீரில் விழுந்ததும் மீன் வாயைத் திறந்தது, குஞ்சுகள் எல்லாம் உள்ளே போய்விட்டன.

"போச்சு, தின்னுட்டுது பாப்பா," என்றேன்.

"நீ தள்ளி நில்லுப்பா."

தள்ளி நின்றேன். கொஞ்ச நேரத்தில் வாய் மெல்லத் திறந்தது. ஒன்று வெளியே வந்து பார்த்தது. பிறகு எல்லாம் வந்தன. "இதுதாம்ப்பா அம்மா. வாய்க்குள்ளயே வச்சுக் காப்பாத்துது," என்றாள் மகள், குனிந்தபடியே.