மூத்தாள் பென்சிலை எடுக்கும்வரை

டோர்சிலாவுக்குப் படிப்பின்மேல் ஆசை இருந்தது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அவளைப் பள்ளிக்கூடத்துக்கு இழுத்துக்கொண்டு போனது ஒரு நீலத் துணி. அதுவும் அவளுக்கு வாங்கிய துணி இல்லை. அவள் சக்களத்தி பென்டாவுக்கு வாங்கியது.

பள்ளிக்கூடத்தில் இனிமேல் கட்டணம் கிடையாது என்று அரசாங்கம் அறிவித்த ஜனவரி அது. எங்கள் ஏரிக்கரை ஊரே பிள்ளைகளைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடியது. பென்டாவும் தன் மகன் ஒச்சோலாவை முதல் வகுப்பில் சேர்க்கப் போனாள். போனவள் சும்மா திரும்பினாளா? "பெரியவங்களும் சேரலாமாமே சார், என்னையும் சேத்துக்கங்களேன்" என்று கேட்டுவிட்டாள். வசோங்கா வாத்தியார் சிரித்துக்கொண்டே பெயரை எழுதிக்கொண்டார். இரண்டு பெண்களுக்கும் புருஷனான ஒக்வெனோ அன்றைக்கே சந்தைக்குப் போய்ச் சீருடைக்குத் துணி வாங்கிக்கொண்டு வந்தான். வந்தவன் நேரே இளையாள் வீட்டுப் பக்கம் திரும்பினான். மூத்தாள் டோர்சிலா தன் வீட்டு வாசலில் குந்தி, ஒமேனா மீனை வெயிலில் பரப்பிக்கொண்டிருந்தாள். அவள் கண்ணில் படாமல், இரண்டு வீடும் இருக்கும் இந்த வளாகத்தில் ஓர் ஈ பறக்க முடியுமா?

லுவோ இனத்துக்காரர்களான எங்கள் வீடுகளில் எல்லாவற்றுக்கும் வரிசை உண்டு. மூத்தாள் விதை போடாமல் இளையாள் விதை போடக் கூடாது. மூத்தாள் அறுக்காமல் இளையாள் கதிரில் கை வைக்கக் கூடாது. மீறினால் சிரா பிடிக்கும். சிரா பிடித்தால் பெற்ற பிள்ளை காரணமே தெரியாமல் இளைத்துக்கொண்டே போகும், எந்த டாக்டராலும் ஒன்றும் செய்ய முடியாது. ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போகிறவர்களுக்கும் இதில் சந்தேகம் கிடையாது.

டோர்சிலாவுக்கு அந்த வரிசையை விட்டால் வேறென்ன இருந்தது? பெற்றது எல்லாம் பெண். எல்லாரும் கல்யாணமாகித் தூர ஊர்களுக்குப் போய்விட்டார்கள். ஆண்பிள்ளை வேண்டும் என்று ஒக்வெனோ பென்டாவைக் கட்டிக்கொண்டு வந்தான், அவளும் வந்த சூட்டோடு ஒச்சோலாவைப் பெற்றுக் கொடுத்தாள். அன்றிலிருந்து டோர்சிலாவின் வயிறு எரிந்துகொண்டேதான் இருந்தது. ஒக்வெனோ எந்த வீட்டில் சிரித்துச் சாப்பிடுகிறான், எந்த வீட்டில் கடனே என்று சாப்பிடுகிறான் என்பது அக்கம்பக்கத்துக்கே தெரியும். அவளிடம் மிஞ்சியது முதல் இடம் ஒன்றுதான். இப்போது அதற்கும் வேட்டு.

"என்னய்யா அது, கக்கத்துல?"

"துணி. பென்டா பள்ளிக்கூடம் போறா."

"ஓகோ. எனக்கு எங்க?"

"உனக்கு எதுக்கு? நீயா படிக்கப் போற?"

"போகலேன்னு உங்கிட்ட யாரு சொன்னா? இந்த வீட்ல எது புதுசா ஆரம்பிச்சாலும் என் கையால ஆரம்பிக்கணும். விதையோ, வீடோ, படிப்போ! அவ முந்திக்கிட்டுப் போயி நாளைக்குப் பிள்ளைக்கு ஒண்ணு ஆச்சுன்னா எம்மேல பழி போடாதீங்க. ஆமா, சொல்லிட்டேன்."

பிள்ளை என்றதும் ஒக்வெனோ தலையைச் சொறிந்தான். உள்ளேயிருந்து பென்டா வந்தாள்.

"அக்கா சொல்றது சரிதாங்க. இதுல அவங்களுக்குத் தைங்க. நான் அப்புறமா தச்சுக்கறேன்."

டோர்சிலாவுக்கு இன்னும் பற்றிக்கொண்டு வந்தது. எதிர்த்துப் பேசினால் நாலு வார்த்தை திட்டலாம், முடியைப் பிடிக்கலாம். விட்டுக்கொடுத்துவிட்டுப் போகிறவளை என்ன செய்ய?

இப்படியாக, பேரன் பேத்தி எடுத்த டோர்சிலா நீலச் சீருடை மாட்டிக்கொண்டு முதல் வகுப்பில், முதல் பெஞ்சில், ஓரமாகக்கூட இல்லை, நடு இடத்தில் உட்கார்ந்தாள். முழங்கால் மேசைக்குள் நுழையவில்லை. பென்டா அவளுக்கு இடது பக்கத்தில், அரை அடி தள்ளி. வாத்தியார் பெயர் கூப்பிட்டார். பொடிசுகள் எல்லாம் "உள்ளேன் சார்" என்றன.

"டோர்சிலா."

"இம்மாம் பெரிய ஆளா உக்காந்திருக்கேன், கண்ணு தெரியலையா சார்?"

வகுப்பே விழுந்து விழுந்து சிரித்தது. பென்டாவும் சிரித்தாள். டோர்சிலா அதை மனதில் குறித்துக்கொண்டாள்.

பென்டாவுக்கு எழுத்து சட்டென்று பிடிபட்டது. சிறுமியாக இருந்தபோது ஒரு வருஷம் பள்ளிக்கூடம் போனவளாம். அதை முன்பே சொன்னாளா, கள்ளி! டோர்சிலாவோ கரும்பலகைப் பக்கம் திரும்புவதே இல்லை. அவள் கண் எந்நேரமும் இடது பக்கம், பென்டாவின் நோட்டில். அவள் என்ன கோடு இழுக்கிறாளோ அதையே இவளும் இழுப்பாள், அவள் அழித்தால் இவளும் அழிப்பாள். "சபாஷ் பென்டா" என்று வாத்தியார் சொல்லிவிட்டால் போதும், அன்றைக்குக் கஞ்சி இறங்காது.

மூத்தாள் என்ற அதிகாரம் ஒன்று கையில் இருந்ததே, அதை விடுவாளா? பள்ளிக்குக் கிளம்பும் நேரம் பார்த்து, "அடியே, என் குடத்துல சொட்டுத் தண்ணி இல்ல" என்பாள். பென்டா ஏரிக்கு ஓடி, குடத்தோடு ஏறி வந்து, அதை இறக்கி வைத்துவிட்டு மறுபடி ஓட வேண்டும். நனைந்த பாவாடையோடு மூச்சிரைக்க வகுப்புக்குள் நுழைவாள். நுழைந்ததும் வாத்தியார் கேள்வி கேட்பார், அந்த இரைப்போடே சரியான பதிலைச் சொல்லிவிடுவாள். தாமதமாக வந்ததற்குத் திட்டு விழும் என்று காத்திருந்த டோர்சிலாவுக்கு எப்படி இருக்கும்?

மார்ச் மாதம் மழை திரண்டது. ஒக்வெனோ மாடு பூட்டி இரண்டு வயலையும் உழுது போட்டிருந்தான். அன்று மாலை மூத்தாள் வீட்டில் சாப்பாடு. உகாலிக் களியை உருட்டிக் குழம்பில் தொட்டுக்கொண்டே, "நேத்து பென்டா டீத்தூள் பாக்கெட்ட முழுசா வாசிச்சுட்டா தெரியுமா? கம்பெனி பேரு, ஊரு பேரு எல்லாம்" என்றான்.

"டீத்தூளு பேர வாசிச்சா டீ இனிக்குமா?"

"உனக்குப் பொறாமை."

"ஆமாய்யா, பொறாமைதான்! என் வீட்டு உகாலியத் தின்னுக்கிட்டு அவ பெருமைய பேசினா பொறாமை வராம பின்ன பூ பூக்குமா?" என்று குழம்புச் சட்டியை அவன் முன்னாலிருந்து எடுத்துக்கொண்டாள்.

மறுநாள் மழை கொட்டியது. ஊரே விதைக் கூடையோடு வயலில் இறங்கியது. டோர்சிலா தலைவலி என்று படுத்துக்கொண்டாள். பென்டா தன் கூடையை இடுப்பில் வைத்துக்கொண்டு வரப்பில் உட்கார்ந்திருந்தாள். ஒரு விதையைக்கூடக் கீழே விடவில்லை. மூத்தாள் வீட்டுக் கதவையே பார்த்துக்கொண்டிருந்தாள். டோர்சிலா கதவிடுக்கு வழியாக அவளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அடுத்த நாளும் தலைவலி, அதற்கு அடுத்த நாளும். கடைசியில் ஒக்வெனோவின் அண்ணன் வந்து வாசலில் நின்று சத்தம் போட்ட பிறகுதான் எழுந்து போய் விதையைத் தூவினாள்.

ஊர் வயலெல்லாம் கதிர் முற்றி நின்றபோது இவர்கள் சோளத்தில் பால்கூடப் பிடிக்கவில்லை. பிந்திப் போட்ட பயிரைப் பூச்சி தின்றது. மூத்தாள் வயலையும் சேர்த்துத்தான் தின்றது. "உன் ஒரு தலைவலிக்கு ரெண்டு அடுப்பும் அணைஞ்சு கெடக்கு" என்றான் ஒக்வெனோ. எழுந்து இளையாள் வீட்டுக்குப் போய்விட்டான்.

வருஷக் கடைசியில் வாத்தியார் ஒரு சேதி சொன்னார். பரீட்சையில் நன்றாக எழுதினால் பென்டா இரண்டாம் வகுப்பைத் தாண்டி நேரே மூன்றாம் வகுப்புக்குப் போகலாமாம். டோர்சிலா பெஞ்சிலிருந்து எழுந்துவிட்டாள்.

"நான் இங்கயே இருக்கறப்ப அவ எப்படி சார் மேல போவா?"

"அம்மா, இது பள்ளிக்கூடம். உங்க சோளக்காடு இல்ல."

"உங்களுக்குப் பள்ளிக்கூடம் சார். நாங்க போற இடமெல்லாம் எங்க வீடுதான்."

வாத்தியாரும் லுவோக்காரர்தானே? அவர் வீட்டிலும் இரண்டு அம்மாக்கள். சாக்பீஸை எடுத்துக்கொண்டு பலகைப் பக்கம் திரும்பிவிட்டார்.

பரீட்சை அன்று டோர்சிலா குடத்தைக் கவிழ்க்கவில்லை, பென்டாவை ஏரிக்கு அனுப்பவும் இல்லை. என்னதான் செய்து தடுப்பது என்று அவளுக்கே தெரியவில்லை. கேள்வித்தாளைக் கொடுத்தார்கள். பிள்ளைகள் நாக்கைத் துருத்திக்கொண்டு எழுத ஆரம்பித்தன. டோர்சிலா வழக்கம்போல இடது பக்கம் பார்த்தாள். பென்டா எழுதவில்லை. பென்சில் மேசைமேல் கிடந்தது. இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டு டோர்சிலாவின் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். வரப்பில் உட்கார்ந்திருந்தபோது எப்படிப் பார்த்தாளோ அதே பார்வை.

டோர்சிலாவுக்கு உறைத்தது. அட! இவள் இங்கேயும் என் விதைக்குக் காத்திருக்கிறாள்! நான் முதல் எழுத்தைப் போடாமல் இவளால் ஓர் எழுத்துப் போட முடியாது. மனசுக்குள் குலவையே போட்டாள். அந்த வருஷம் முழுக்க அவளுக்கு அப்படி ஒரு சந்தோஷம் வந்ததில்லை. கையைக் கட்டிக்கொண்டு சாய்ந்து உட்கார்ந்தாள்.

வாத்தியார் வந்து நின்றார்.

"என்ன பென்டா, எழுதல?"

"அக்கா இன்னும் ஆரம்பிக்கல சார்."

"நீ பாட்டுக்கு எழுதும்மா."

"பிள்ள இருக்கான் சார்" என்றாள் பென்டா.

வாத்தியார் டோர்சிலா பக்கம் திரும்பினார். "அம்மா?"

"எனக்குத் தலைய வலிக்குது சார்."

நேரம் போய்க்கொண்டிருந்தது. பள்ளிப் பிள்ளைகளுக்குக் கஞ்சி காய்ச்சும் பெண்கள் விஷயம் தெரிந்து ஜன்னலில் வந்து மொய்த்தார்கள். "பாவம்டி பென்டா." "என்ன பொறுமை பாரேன், இந்தக் காலத்துல யாருக்கு வரும்?" "மூத்தாளுக்கு இப்படி அடங்கி நடக்கறவ எங்க கெடைப்பா!" ஒவ்வொரு பேச்சும் டோர்சிலாவின் காதில் விழுந்தது. சந்தோஷம் புளிக்க ஆரம்பித்தது. இன்று சாயங்காலம் தண்ணீர்த் துறையில் இதுதான் பேச்சு. ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் இதுதான் பேச்சு. ஒக்வெனோ கேட்டால் பென்டாவைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடுவான். தாள் காலியாகக் கிடந்தே இவள் ஜெயித்துவிடுவாள் போலிருக்கிறதே! படித்து ஒரு பெயர், படிக்காமல் ஒரு பெயர், எல்லாம் இவளுக்கா?

இன்னொன்றும் இருந்தது. டோர்சிலா தன் பெயரை எழுதக் கற்றிருந்தாள். பென்டாவைவிட அழகாக எழுதுவாள். அடுப்புச் சாம்பலில், மணலில், மாட்டின் முதுகுத் தூசியில்கூட எழுதிப் பார்த்திருந்தாள். இந்தத் தாள் காலியாகப் போனால் அதை யார் பார்ப்பார்கள்?

பென்சிலை வெடுக்கென்று எடுத்தாள். தாளின் உச்சியில் தன் பெயரைக் கொட்டை எழுத்தில் போட்டாள். "போட்டாச்சு. எழுதித் தொலைடி!" என்று வகுப்பே அதிரக் கத்தினாள்.

பென்டா பாய்ந்து எழுதினாள். கண்ணீர் தாளில் விழ விழத் துடைத்துக்கொண்டே எழுதினாள். மணி என்று தொங்கவிட்டிருக்கும் லாரிச் சக்கரத்தை யாரோ இரும்பால் தட்டும்வரை அவள் நிமிரவில்லை. டோர்சிலா பெயருக்குக் கீழே வேறொன்றும் எழுதவில்லை. பென்டாவின் கை ஓடிய வேகத்துக்கு அவளால் பார்த்து எழுத முடியவில்லை.

ஜனவரியில் பள்ளி திறந்தது. பென்டா மூன்றாம் வகுப்பு, ஒச்சோலா இரண்டாம் வகுப்பு. டோர்சிலா அதே முதல் வகுப்பு, அதே பெஞ்சு. ஊரில் சிரித்தார்கள். சிரிக்கட்டுமே, யாருக்குப் பயம்? படிப்பை நிறுத்தினால் பென்டா மட்டும் சீருடையில் போவாள். அதைப் பார்த்துக்கொண்டு மீன் காயப்போட இவளால் ஆகாது.

மணி அடித்துக் கொஞ்ச நேரம் கழித்து மூன்றாம் வகுப்புக்கு வந்திருந்த புது டீச்சர் முதல் வகுப்பு வாசலில் எட்டிப் பார்த்தாள்.

"இங்க டோர்சிலான்றது யாரு? அங்க ஒருத்தங்க வாசல்லயே நிக்கறாங்க. நீங்க வராம உள்ள வர மாட்டாங்களாம்."

டோர்சிலா எழுந்தாள். தலைவலி என்று சொல்ல வாய் வரை வந்தது. சொல்லவில்லை. மூன்றாம் வகுப்பு வாசலில் பென்டா புதுச் சீருடையில், நோட்டை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றாள். டோர்சிலா அவளைப் பார்க்காமலே உள்ளே போய் முதல் பெஞ்சில் உட்கார்ந்தாள். இங்கே பெஞ்சு உயரம், முழங்கால் இடிக்கவில்லை. பலகையில் டீச்சர் எழுதியிருந்ததில் அவளுக்கு ஒன்றும் விளங்கவில்லை. கொஞ்ச நேரம் அப்படியே இருந்துவிட்டு எழுந்தாள்.

"உக்காந்தாச்சு. இனி உன் பாடு."

"அக்கா, சாயங்காலம் வந்து நான் உங்களுக்குச் சொல்லித் தர்றேன்."

"நீ எனக்குச் சொல்லித் தர்றியா? எல்லாம் என் நேரம்டி!" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டு வந்துவிட்டாள்.

முதல் வகுப்பில் வாத்தியார் பலகையில் முதல் எழுத்தைப் போட்டிருந்தார். டோர்சிலா முழங்காலை இடித்துக்கொண்டு உட்கார்ந்து, நோட்டைத் திறந்து, பென்சிலை எடுத்து, இடது பக்கம் பார்த்தாள். புதிதாகச் சேர்ந்த பொடியன் ஒருவன் அங்கே தன் பையை வைத்துவிட்டு ஏறி உட்காரப் பார்த்தான்.

"எடுடா பைய" என்றாள் டோர்சிலா. "அங்க ஆள் இருக்கு."