விழுங்கிய இருமல்

என் கல்யாணத்துக்கு முந்தைய மாதம் நான் ஒழுங்காகச் சாப்பிடவே இல்லை. ரவிக்கை பொருந்த வேண்டும், முகம் ஒடுங்கித் தெரிய வேண்டும் என்று எலுமிச்சைச் சாறும் வெந்நீருமாகக் காலம் தள்ளினேன். அதன் பலனாக முகூர்த்த நேரத்தில் மாலையும் கழுத்துமாகச் சாய்ந்தேன். ஐயர் மந்திரத்தை நிறுத்திவிட்டுச் சோடா கேட்டார். என்னைத் தாங்கிப் பிடித்தவள் என் சிநேகிதி தெய்வம்மா. பிடித்த கையோடு காதருகே குனிந்து, "அம்சவேணி, சோறு திங்கவே வெக்கப்பட்டா எப்புடி குடும்பம் நடத்துவ?" என்று கேட்டாள். அந்த நிலையிலும் எனக்குக் கோபம்தான் வந்தது. எனக்குக் கோபம் வராத நேரம் குறைவு.

நாங்கள் கோயமுத்தூர்ப் பக்கத்துக்காரர்கள். ஊட்டிக்கு அந்தப் பக்கம் கிளென்மார்கன் போகிற வழியில் ஒரு தேயிலைத் தோட்டத்து முகப்பில் என் அப்பா நாச்சிமுத்து மளிகைக் கடை வைத்திருந்தார். கடைக்கு ஆண் வாரிசு இல்லாததால் எனக்கு வந்த மாப்பிள்ளை எங்கள் வீட்டோடு வந்துவிட்டார். அதனால் கல்யாணத்துக்குப் பிறகும் நான் அதே கல்லாவில் உட்கார்ந்திருந்தேன், தெய்வம்மாவும் தோட்டத்து ஆட்களின் வரிசை வீடான அதே லயத்தில் இருந்தாள்.

அவள் சிலோனில் பிறந்தவள். இரத்தினபுரிப் பக்கத்துத் தோட்டம். அம்மாவை அங்கே புதைத்துவிட்டு, அப்பா காத்தமுத்துவோடு கப்பலேறி வந்து, சிலோனிலிருந்து திரும்பியவர்களை வைத்திருந்த மண்டபம் காம்பில் கிடந்து, பிறகு இந்தக் குளிருக்கு அனுப்பப்பட்டவள். கொழுந்து எடுப்பதில் அவளை விஞ்ச ஆளில்லை என்றெல்லாம் சொல்ல மாட்டேன். நடுத்தரம்தான். ஆனால் பதறாதவள். பத்து மணிக்குத் தேத்தண்ணி என்றால் பத்து மணிக்குத் தேத்தண்ணி. மழை வந்தாலும் சரி, கங்காணி கத்தினாலும் சரி, உள்ளங்கையில் சீனியை வைத்து நக்கிக்கொண்டு, நிதானமாகக் குடித்து முடித்துவிட்டுத்தான் எழுவாள். பார்த்துக்கொண்டிருக்கிற எனக்குத்தான் கை கால் துடிக்கும்.

காம்பிலிருந்து வந்தவர்களிடம் ஒரு பழக்கத்தைப் பார்த்திருக்கிறேன். அவர்கள் இருமலை விழுங்குவார்கள். அங்கே வரிசையில் நிற்கும்போது யாராவது இருமினால் கசம், அதாவது காசநோய் என்று தனியே நிறுத்திவிடுவார்கள், குடும்பம் ஒரு பக்கமும் இருமியவர் ஒரு பக்கமும் ஆகிவிடும் என்று ஒரு பயம். உண்மையில் அப்படி யாரையும் நிறுத்தினார்களா என்று கேட்டால் அவர்களுக்கே தெரியாது. ஆனாலும் துணியை வாயில் வைத்து அழுத்தி, தோளை ஒரு தரம் குலுக்கி, வந்ததை உள்ளேயே அனுப்பிவிடுவார்கள். சின்னப் பிள்ளைகள்கூட அப்படித்தான்.

எனக்குக் கல்யாணம் ஆன அடுத்த தையில் தெய்வம்மாவுக்கு முகூர்த்தம் குறித்தார்கள். மாப்பிள்ளை பழனியாண்டி, அதே தோட்டத்தின் கீழ் டிவிஷன்காரர், பேக்டரியில் தூள் சலிக்கிற இடத்தில் வேலை. அவரும் அதே காம்பு வழியாக வந்தவர்தான். தாய் தகப்பன் இல்லை, சித்தி சுப்பம்மாதான் எல்லாம். பரிசம் போட்டாயிற்று. பரிசம் போட்ட பிறகு தாலி ஏறும் வரை பொண்ணும் மாப்பிள்ளையும் முகம் பார்க்கக் கூடாது, பொண்ணு தோட்டத்து எல்லையைத் தாண்டக் கூடாது. தினமும் விடிகாலையில் மஞ்சள் பூசித் தலைக்கு ஊற்ற வேண்டும். இரத்தினபுரியில் அந்தப் பச்சைத் தண்ணீர் சுகமாக இருந்திருக்கும். இங்கே தை மாதத்தில் புல்லெல்லாம் உறைபனி வெள்ளையாகக் கிடக்கும். உறவுக்காரி மூக்கம்மா அதெல்லாம் பார்க்காமல் பீப்பாய்த் தண்ணீரை மொண்டு ஊற்றினாள். வெந்நீர் வைத்தால் சடங்கு கெட்டுவிடுமாம்.

நான்கைந்து நாள் ஊற்றியதிலேயே தெய்வம்மாவுக்கு இருமல் பிடித்தது. அவளும் விழுங்கினாள். காத்தமுத்து பயந்துபோனார். "மாப்பிள்ள வீட்டுக் காதுல விழுந்தா கசம்னு கதைப்பாங்க. கல்யாணம் நின்னு போகும்" என்று அவளைப் பேசவே விடாமல் உள்ளே வைத்தார். கஷாயம் கொடுத்தார்கள். இருமல் போகவில்லை. ஒருநாள் அவள் கடைக்கு வந்து அரிசி மூட்டைமேல் உட்கார்ந்தாள்.

"நாளைக்கு ஒங்க அப்பா ஊட்டிக்குச் சாமான் எடுக்கப் போவாருதானே? நானும் வாறேன். ஆஸ்பத்திரியில நெஞ்சுப் படம் எடுக்கணும்" என்றாள்.

"ஏம்புள்ள, எல்லையத் தாண்டக் கூடாதுன்னு சொன்னாங்களே. உங்கப்பன் என்னையத்தானே வைவாரு" என்றேன்.

"எனக்குக் கசம் இருந்தா அந்த மனுசனுக்கும் ஒட்டும். தெரியாமக் கட்டிக்கிறதுதான் பெரிய குத்தம். எல்ல தாண்டுறது சின்னது."

அவள் கையைப் பிடித்துப் பார்த்தேன். சில்லிட்டிருந்தது. "பயமா இருக்குதா?" என்று கேட்டேன். "பயமாத்தான் இருக்கு" என்றவள், என் கடைப் பன்னை எடுத்துத் தின்ன ஆரம்பித்தாள். நான் பார்த்த பார்வைக்குப் பதிலாக, "பயம் வந்தா சோத்த விடணுமா? பயந்துக்கிட்டே திங்கலாம்தானே" என்றாள். ஒரு வருடத்துக்கு முன்னால் இந்தப் புத்தி எனக்கு இருந்திருந்தால் மாலையோடு சாய்ந்திருக்க மாட்டேன்.

மறுநாள் காலை அப்பாவின் வண்டியில் போனோம். அப்பா எங்களை ஆஸ்பத்திரி வாசலில் இறக்கிவிட்டு மார்க்கெட்டுக்குப் போனார். படம் எடுக்கிற அறைக்கு வெளியே நீளமான பெஞ்சு. உட்கார்ந்திருந்த தெய்வம்மா திடீரென்று என் முழங்கையை இறுக்கிப் பிடித்தாள். பெஞ்சின் மறு கோடியில், மப்ளரால் தலையைச் சுற்றியிருந்த ஓர் ஆள், துண்டை வாயில் வைத்து அழுத்தித் தோளைக் குலுக்கினார். ஊட்டிக்காரர்கள் யாரும் அப்படி இருமுவதில்லை.

"நம்ம ஆளு" என்றாள். அவர் திரும்பினார். பழனியாண்டி.

உடனே தெய்வம்மா சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். அவர் வாசல் பக்கம் திரும்பிக்கொண்டார். இரண்டு பேரும் ஒளித்துவைத்து வந்த இருமல் அம்பலமாகிவிட்டது, அப்போதும் முகம் பார்க்காத முறையை மட்டும் விடவில்லை. நடுவில் சுவர் மாதிரி நான் உட்கார்ந்திருந்தேன். எனக்குச் சிரிப்பு வந்தது. பழனியாண்டிக்கு மாதக் கணக்காக இருமலாம். தேயிலைத் தூசு என்று சொல்லி மூடிவைத்திருந்தாள் சுப்பம்மா.

மத்தியானம் டாக்டர் கூப்பிட்டார். தெய்வம்மாவின் நெஞ்சு சுத்தம், வெறும் சளி, பச்சைத் தண்ணீரை நிறுத்தச் சொன்னார். பழனியாண்டிக்குத்தான் கசம். அவர் வெளியே வந்து பழைய இடத்திலேயே, வாசலைப் பார்த்தபடி உட்கார்ந்தார்.

"அம்சவேணி, அவங்ககிட்ட சொல்லிருங்க. இந்தப் பரிசம் வேணாம். எங்க சித்திகிட்ட நானே கதைக்கிறேன். அவங்களுக்கு நல்ல எடமா அமையும்" என்றார்.

என் கண் நிறைந்துவிட்டது. தெய்வம்மா சுவரைப் பார்த்தபடியே, "டொக்டர் என்னா சொன்னாருன்னு கேளு" என்றாள்.

நான் கேட்க வேண்டியிருக்கவில்லை. "ஒரு வருசத்துக்கு மேல மருந்து. மொதல்ல ஊசி, அப்புறம் மாத்திர. விடாமச் சாப்பிட்டா முழுசா சுகமாயிரும்னு சொன்னாரு" என்றார் அவர்.

"அப்ப சுகமான பொறகு கட்டிக்குவம். கப்பலுக்கு எத்தன வருசம் காத்துக் கெடந்தம். இதுக்கு ஏலாதா?"

அவர் துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். இருமவில்லை, அழுதார்.

லயத்தில் பெரிய கூத்தாகிவிட்டது. பரிசம் போட்டதைத் தள்ளி வைத்தால் குடும்பத்துக்கு ஆகாது என்றார் காத்தமுத்து. சம்பந்தமே வேண்டாம் என்று இன்னொரு பேச்சு. தையிலேயே கட்டி வைத்துவிட்டால் மருந்தைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று சுப்பம்மா வந்து நின்றாள். "ஏனுங்க, நோயாளிக்குப் பொண்ணைக் கட்டிப்போட்டு ரெண்டு பேரையும் படுக்கப் போடலாம்னு பாக்கறீங்களாக்கும்" என்று நான் அவளோடு தொண்டை கட்டச் சண்டை போட்டேன். அத்தனை இரைச்சலுக்கு நடுவில் தெய்வம்மா தேங்காய் ரொட்டியைச் சம்பலில் தொட்டுத் தின்று முடித்தாள். கையைக் கழுவிவிட்டு, "அவருக்குச் சுகமாகட்டும். அவரத்தான் கட்டுவேன்" என்று சொல்லிவிட்டுத் தண்ணீர் பிடிக்கப் போனாள். அதற்குமேல் சண்டை போட ஆளில்லாமல் கூட்டம் கலைந்தது.

தோட்டத்து டிஸ்பென்சரி எங்கள் கடைக்குப் பக்கத்தில்தான். பழனியாண்டி ஊசிக்கு வரும் நேரம் பார்த்துத் தெய்வம்மா கடைக்குள் வந்து மூட்டைகளுக்குப் பின்னால், முதுகு காட்டி உட்கார்ந்துகொள்வாள். அவர் வாசலில் நிற்பார். அவித்த முட்டையும் கேழ்வரகுக் கூழும் என் கை வழியாகப் போகும். பிறகு மாத்திரைக் காலம் வந்தது. அவர் தண்ணீர் குடிக்கிற மடக்குச் சத்தம் கேட்கும்வரை அவள் எழ மாட்டாள். சாப்பாடு இறங்கியதா, காற்றோட்டமாகத் தூங்கினீர்களா, சன்னலை மூடினீர்களா என்று விசாரிப்பாள். புதுப் பெண்சாதி போலவே இருக்கிறாளே என்று நான் கேலி செய்தால், "இப்பவே பழகிக்கிட்டா நல்லதுதானே" என்பாள்.

மழைக்காலத்தில் அவருக்கு உடம்பு தேறிவிட்டது. கன்னம் பூசினாற்போல் ஆனது. அதோடு மாத்திரையை நிறுத்திவிட்டார். நல்லா இருக்கிற உடம்புக்கு எதற்கு மருந்து என்றாளாம் சுப்பம்மா. கடைப் பக்கம் அவர் வராதது மாத்திரையை விட்டதால்தான் என்று உறுதியானதும், தெய்வம்மா கூடையை இறக்கி வைத்துவிட்டுக் கீழ் டிவிஷனுக்கு நடந்தாள். என்ன ஆகுமோ என்று நானும் பின்னால் ஓடினேன். அவர் லயத்து அறையான காம்பரா வாசலில் போய் நின்று, அத்தனை பேர் பார்க்க, அவர் முகத்தை நேருக்கு நேர் பார்த்தாள்.

"ஒங்களுக்காகத்தான் ஊரு வாயெல்லாம் கேட்டுக்கிட்டு இருக்கேன். மருந்த விட்டா நானும் ஒங்கள விட்டுருவேன். கஞ்சி காய்ச்ச வாறேன், பாடை கட்ட வர மாட்டேன்."

அவள் கோபப்பட்டு நான் பார்த்தது அது ஒன்றுதான். நானாயிருந்தால் இன்னும் நாலு வார்த்தை சேர்த்துச் சொல்லிக் காரியத்தைக் கெடுத்திருப்பேன். அவள் அத்தோடு திரும்பிவிட்டாள். மறுநாள் காலை எங்கள் வாசலில் மடக்குச் சத்தம் கேட்டது.

அடுத்த வருடம் வைகாசியில், டாக்டர் படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, போய்க் கட்டிக்கொள்ளச் சொன்ன பிறகு, தோட்டத்து மாரியம்மன் கோயிலில் கல்யாணம். மஞ்சள் தண்ணீரை மூக்கம்மாவே சுடவைத்தாள். கல்யாணத்தன்று காலையில் பொண்ணு வழக்கம்போலச் சாப்பிட்டுவிட்டு வந்து உட்கார்ந்தாள். யாரும் சாயவில்லை.

ஓமத்தில் ஈரச் சுள்ளியைப் போட்டுவிட்டார்கள். புகை குப்பென்று கிளம்பி மணவறையை மூடியது. மாப்பிள்ளைக்கு இருமல் வந்தது.

மேளம் நின்றுவிட்டது. பாத்திரம் நகர்த்துகிற சத்தம்கூட இல்லை. காத்தமுத்துவின் முகம் வெளுத்தது, சுப்பம்மா முந்தானையால் வாயைப் பொத்தினாள். பழனியாண்டி தோளில் கிடந்த துண்டை இழுத்து வாயில் அழுத்தினார். தோள் குலுங்கியது. பழைய பழக்கம்.

தெய்வம்மா கை நீட்டி அந்தத் துண்டை அவர் வாயிலிருந்து எடுத்தாள். மடித்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

"நல்லா வாய்விட்டு இருமுங்க" என்றாள். "இங்க யாரும் ஒங்களத் தனியா நிறுத்த மாட்டாங்க."

அவர் இருமினார். பந்தல் முழுக்கக் கேட்க, கண்ணில் தண்ணீர் வர இருமினார். பிறகு பக்கத்தில் இருந்த காத்தமுத்து இருமினார். மூக்கம்மா இருமினாள். எல்லாருக்கும் அதே புகைதான். தெய்வம்மா ஐயரைப் பார்த்து, சுள்ளியைக் கொஞ்சம் அந்தப் பக்கம் தள்ளச் சொன்னாள்.