டிவியை மறைத்த கலஞ்சோ

குடவாசல் பக்கம் நான் உதவி வேளாண்மை அலுவலராக இருந்தபோது, என் வீட்டு ஹாலில் இருந்த ஒரு செடி என் மானத்தை வாங்கியது.

என் மனைவி பள்ளி ஆசிரியை. தஞ்சாவூரில் ஒரு கல்யாணத்துக்குப் போய்த் திரும்பும் வழியில் நர்சரியில் இறங்கி அந்தக் கலஞ்சோவை வாங்கினாள். தடித்த இலைகள், உச்சியில் கொத்துக் கொத்தாய் ஆரஞ்சுப் பூ. வெயில் பட்டால் பூ வதங்கிவிடும் என்று டிவிக்குப் பக்கத்தில் வைத்தாள். வருகிறவர்கள் கண்ணில் பட வேண்டும் என்பதும் ஒரு காரணம்.

பூ உதிர்ந்த பிறகு செடி வளர ஆரம்பித்தது. பென்சில் தடிமன்கூட இல்லாத தண்டு, அங்கொன்றும் இங்கொன்றுமாக இலைகளோடு, ஜன்னல் இருந்த திசையில் கழுத்தை நீட்டிக்கொண்டே போனது. சில மாதங்களில் டிவியை மறைத்தது. சீரியலில் யார் அழுதாலும் அவர்கள் முகத்தில் ஓர் இலை இருந்தது.

"ஊருக்கெல்லாம் பயிர் பாக்குறீங்க. வீட்ல ஒரே ஒரு தொட்டி, அதப் பாக்கக் கூடாதா?" என்றாள்.

சத்துக்குறைவு என்று உடனே தீர்ப்புச் சொன்னேன். தண்ணீரில் கொஞ்சம் யூரியாவைக் கரைத்து ஊற்றினேன். செடி இன்னும் ஒரு சாண் உயர்ந்தது. அது சாயத் தொடங்கியதும் சணல் கயிற்றால் காலண்டர் ஆணியோடு கட்டினேன். அதன் பிறகு தேதி கிழிக்க வேண்டுமானால் முதலில் செடியை அவிழ்க்க வேண்டும். அந்தச் சோம்பலில் எங்கள் வீட்டில் ஒரு செவ்வாய்க்கிழமை மூன்று நாள் நீடித்தது.

அந்தச் சமயத்தில்தான் விதை மானியப் படிவத்தில் கையெழுத்து வாங்க ஒரு விவசாயி வீட்டுக்கு வந்தார். அறுபது வயதிருக்கும். காபி குடிக்கும்போது செடியையும் கயிற்றையும் ஆணியையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு மெதுவாகக் கேட்டார்.

"சார், போன மாசம் கூட்டத்துல நீங்கதான சொன்னீங்க? மரத்து நிழல்ல நட்ட பயிரு வெளிச்சத்துக்குத் தவிச்சு நெட்டையா போயிச் சாஞ்சிடும், அதுக்குப் போயி யூரியா போட்டா இன்னும் மோசம்னு."

"ஆமாங்க, சொன்னேன்."

"இது வேற மாதிரி பயிருங்களா சார்?"

அடுப்பங்கரையில் பாத்திரச் சத்தம் நின்றது. அவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பது எனக்குத் தெரிந்தது.

அந்தச் சனிக்கிழமை அவள் பயிற்சி வகுப்புக்காகக் கூத்தாநல்லூர் போயிருந்தாள். அடியில் நாலு விரல் தண்டும் இரண்டு இலைகளும் மட்டும் நிற்க, மீதியைக் கத்தியால் வெட்டினேன். வெட்டியதை விரல் நீளத் துண்டுகளாக்கி, சமையல் மேடையில் பேப்பர் விரித்துப் பரப்பினேன். வெட்டுவாய் காயாமல் நட்டால் இந்த வகைச் செடி அழுகிவிடும்.

திரும்பி வந்தவள் முதலில் தொட்டியைப் பார்த்தாள். பிறகு மேடையைப் பார்த்தாள். மறுநாள் மத்தியானம் தட்டில் சோறும் ரசமும் மட்டும் விழுந்தன. காய் இல்லையா என்று கேட்டேன்.

"அதான் வெட்டி வச்சிருக்கீங்களே."

நாலாம் நாள் வெட்டுவாய் காய்ந்து இறுகியது. மணல் கலந்த மண்ணில் துண்டுகளை நட்டு, காலை வெயில் விழும் வாசல் பக்கம் பழைய தொட்டியோடு சேர்த்து வைத்தேன். மூன்று வாரம் ஓர் அசைவும் இல்லை. பேப்பர் எடுக்கப் போவதுபோல் தினமும் போய்க் குனிந்து பார்த்து வந்தேன். நின்ற கட்டையில் இரு பக்கமும் துளிர் விட்டிருந்ததை அவள்தான் முதலில் பார்த்திருக்கிறாள். என்னிடம் சொல்லவில்லை. பள்ளிக்கூடம் முழுக்கச் சொல்லியிருக்கிறாள், "நான்தான் வெட்டச் சொன்னேன்" என்று.

நட்டதில் ஐந்து பிழைத்தன. ஒன்றை அந்த விவசாயிக்குக் கொடுத்தேன். தை மாதம் அவர் அலுவலகத்துக்கு வந்து, வரிசையில் நின்று, தன் முறை வந்ததும் செல்போனை எடுத்துக் காட்டினார். பம்புசெட் கொட்டகை ஓரம், குட்டையும் அடர்த்தியுமாக நான் கொடுத்த செடி, கொள்ளாத பூ.

"உங்க வீட்ல எப்ப சார் பூக்கும்?" என்று மரியாதையாகக் கேட்டார்.

மொட்டு வைத்திருக்கிறது என்றேன். உண்மையில் அப்போது வைக்கவில்லை. பத்து நாள் கழித்துத்தான் வைத்தது.