கயிறு கேட்டு வந்த ரோஸ்லின் மிஸ்

ரோஸ்லின் மிஸ் இறந்த செய்தி வந்தபோது நான் பெரும்பாக்கத்தில் பஸ்ஸுக்காக நின்றுகொண்டிருந்தேன். பள்ளிக்கூடத்து ஆபீஸ் கீதாதான் போன் செய்தாள். "ஆயாம்மா, நம்ம ஹிஸ்டரி மிஸ் விடியக்காலைல தவறிட்டாங்க. நெஞ்சு வலின்னாங்களாம். ஆஸ்பத்திரிக்குப் போறதுக்குள்ள..." என் பஸ் வந்தது, போனது. அடுத்ததும் போனது. நான் போனைக் காதிலேயே வைத்துக்கொண்டு நின்றேன்.

மிஸ்ஸிடம் படித்த பிள்ளைகள் நீங்கள் நினைவு மலர் போடுவதாகச் சொல்லி, "ஆயாம்மா, நீங்களும் எழுதணும்" என்றீர்கள். நான் இரண்டாம் வகுப்போடு நின்றவள். தப்பு இருந்தால் கீதா திருத்துவாள். ஆனால் நான் சொல்ல வேண்டியதை வேறு யாரும் சொல்ல முடியாது.

உங்களுக்கெல்லாம் அவர் கோபம் தெரியும். சாக்பீஸ் எறிந்தால் குறி தப்பாது. அதைவிடப் பெரிது அவருடைய கேள்விகள். யாரைப் பார்த்தாலும் கேட்பார். பள்ளிக்கூட கேட்டுக்கு வரும் கீரைக்காரம்மாவிடம் கீரை எங்கே விளைகிறது, யார் பறிக்கிறார்கள், எத்தனை மணிக்கு எழுந்தாய் என்று கேட்டுக்கொண்டே நிற்பார். அந்தம்மா ஒருநாள் கடுப்பாகி, "இன்னா டீச்சர், கீர வாங்க வந்தியா, பொண்ணு பாக்க வந்தியா?" என்றாள். மிஸ் விழுந்து விழுந்து சிரித்தார். "கேட்டாதானம்மா தெரியும்" என்றார். அதுதான் அவர் எப்போதும் சொல்வது.

என்னிடமும் ஒன்று கேட்டார். நான் மதிய வெயிலில் மைதானம் பெருக்குவேன். "கன்னியம்மா, முந்தானைய எடுத்துத் தலைல போட்டா என்ன? வடகம் மாதிரி காயறீங்க" என்றார். "பழக்கமில்ல மிஸ்" என்றேன். மறுநாள் ஒரு குடை கொண்டுவந்து கொடுத்தார். அதையும் கேட்டிலேயே மாட்டி வைத்துவிட்டேன். உலகத்தையே கேள்வி கேட்பவர், அதற்குப் பிறகு அதைப் பற்றி என்னிடம் கேட்கவேயில்லை.

பிறகு ஒருநாள் துடைப்பம் வைக்கும் அறைக்கு வந்தார். "ஒரு கயிறு வேணும் கன்னியம்மா. நீளமா." எதற்கு என்றேன். "ஒன்பதாம் கிளாஸ இன்னிக்கு நிலக்கரிச் சுரங்கத்துக்குள்ள எறக்கப் போறேன்" என்றார்.

வகுப்பில் ஜன்னலையெல்லாம் சாத்தி, விளக்கை அணைத்து, கதவில் கயிற்றைக் கட்டச் சொன்னார். ஷர்மிளா என்ற பிள்ளையைக் கீழே உட்கார வைத்துக் கயிற்றைக் கையில் கொடுத்தார். நிலக்கரி வண்டி மாதிரி நாற்காலியை இழுத்துக்கொண்டு பிள்ளைகள் வரும்போது அவள் கதவை இழுத்துத் திறக்க வேண்டும். அவர்கள் போனதும் மூட வேண்டும். நான் வெளியே நின்று பார்த்தேன். ஒரே சிரிப்பு. கொஞ்ச நேரத்திலேயே ஷர்மிளா, "மிஸ், கால் மரத்துப்போச்சு" என்றாள்.

மிஸ் சொன்னார்: "ஐந்து வயசு, ஆறு வயசுப் பிள்ளைங்க இப்படி உக்காந்திருந்தாங்க. இங்கிலாந்துல, பூமிக்கு அடியில. கையில மெழுகுவர்த்தி கூட இல்லாம, பன்னிரண்டு மணி நேரம்."

"தூங்கிட்டா மிஸ்?"

"கதவு திறந்தே கிடக்கும். காத்தோட்டம் கெட்டுப் போகும். உள்ள கெட்ட வாயு சேரும். ஒரு விளக்கு பட்டா போதும், வெடிச்சிடும்."

ஷர்மிளா உடனே, "அப்ப தப்பு அந்தப் பிள்ளை மேலதானே மிஸ்?" என்றாள்.

என் கையிலிருந்த பக்கெட் விழுந்தது. தண்ணீர் வகுப்புக்குள் ஓடியது. மிஸ் வெளியே வந்து என் முகத்தைப் பார்த்தார். திட்டவில்லை. "நானும் சின்னப் புள்ளைல இப்படி ஒரு வேலைக்கு நின்னவ மிஸ்" என்றேன். வராந்தாவில் என் பக்கத்தில் நின்று மெதுவாகச் சொன்னார்: "அந்த ஊர்ல அந்தப் பிள்ளைங்களையே கூப்பிட்டுக் கேட்டாங்க. அவங்க சொன்னத அப்படியே எழுதினாங்க. அத வெச்சுதான் சின்னப் பிள்ளைங்கள சுரங்கத்துல எறக்கக் கூடாதுன்னு சட்டம் வந்துச்சு. உங்கள யாராவது கேட்டாங்களா கன்னியம்மா?"

"யாரும் கேக்கல மிஸ்."

"நான் கேக்கறேன்."

உள்ளே நாற்காலி போட்டு உட்கார வைத்தார். நான் சொன்னேன். அப்போது பல்லாவரம் பக்கம் மலையை வெடி வைத்து உடைத்துக்கொண்டிருந்தார்கள். அப்பா கல் உடைப்பார், அம்மா ஜல்லி சுமப்பாள். எனக்கு ஏழு வயது. வெடிக்கு முன்னால் பாதையில் நின்று சிவப்புத் துணியைத் தூக்கிக் காட்ட வேண்டும். வெடித்து முடிந்து மேஸ்திரி விசில் ஊதும் வரை இறக்கக் கூடாது. அன்றைக்குச் சித்திரை வெயில். வெடி தாமதமானது. காலில் செருப்பில்லை. கை கடுத்தது, தலை கொதித்தது. துணியைத் தலையில் போட்டுக்கொண்டேன். கொஞ்ச நேரம்தான். கஞ்சி கொண்டுவந்த செல்லம்மா அத்தை, அப்பாவின் தங்கை, துணி இறங்கியிருப்பதைப் பார்த்து வெடி முடிந்துவிட்டது என்று நினைத்து என்னைத் தாண்டி வேகமாகப் போனாள். நான் கத்தினேன். அதற்குள் வெடித்துவிட்டது. கல் வந்து விழுந்தது. அத்தை எழுந்திருக்கவில்லை.

மேஸ்திரி எல்லார் முன்னாலும் சொன்னான்: "இந்தப் பொண்ணு துணிய முக்காடு போட்டுகினு நின்னுது. அதான்." அப்பாகூட வாய் திறக்கவில்லை. அன்றிலிருந்து என் தலையில் நான் துணி போட்டதில்லை. அத்தையைக் கொன்றவள் நான்தான் என்று நாற்பது வருஷத்துக்கு மேல் நினைத்திருந்தேன்.

ஷர்மிளாதான் கேட்டாள். "ஆயாம்மா, உங்களுக்குக் குடை குடுக்கலியா?"

"செருப்பே குடுக்கல கண்ணு."

மிஸ் அவளைப் பார்த்தார். "இப்ப சொல்லு. தப்பு யார் மேல?"

அவள் அழுதுகொண்டே, "அங்க நிக்க வெச்சவங்க மேல மிஸ்" என்றாள்.

மிஸ் என் பக்கம் திரும்பினார். "கேட்டுச்சா கன்னியம்மா?"

பிறகு பிள்ளைகளை நோட்டை எடுக்கச் சொன்னார். நான் சொன்னதை எல்லாரும் எழுதினார்கள். மிஸ்ஸும் ஒரு தாளில் எழுதி என்னிடம் கொடுத்தார். மேலே, "பெயர் கன்னியம்மா. வயது ஏழு. வேலை, வெயிலில் நிற்பது" என்று இருந்தது. எழுத்துக் கூட்டிப் படித்தேன். அதற்குப் பிறகும் முந்தானை தலைக்கு ஏறவில்லை. கை எழும், பாதியில் நின்றுவிடும். மிஸ் பார்ப்பார். பார்த்துவிட்டு வகுப்புக்குப் போவார்.

அடக்கத்தன்று அஸ்தினாபுரம் சர்ச்சிலிருந்து மிஸ்ஸை ஏற்றிய வண்டி புறப்பட்டபோது நடுப்பகல். பின்னால் நீங்கள் எல்லாரும் நடந்து வந்தீர்கள். பெரிய ரோட்டைத் தாண்ட வேண்டும். ரோட்டில் ஒரு வண்டியும் நிற்கவில்லை. என்ன தோன்றியதோ, நான் நடு ரோட்டுக்குப் போய்க் கையைத் தூக்கிக்கொண்டு நின்றேன்.

ஷேர் ஆட்டோக்காரர் ஒருவர் தலையை நீட்டினார். "இன்னாம்மா, சாவறதுக்கு என் வண்டிதான் கெடச்சுதா?"

"எங்க மிஸ் போறாங்க. நில்லுப்பா."

அவர் பின்னால் வந்த கூட்டத்தைப் பார்த்தார். இன்ஜினை அணைத்தார். பின்னாலிருந்த வண்டிகளும் நின்றன. உங்களில் கடைசிப் பிள்ளை தாண்டும் வரை நான் கையை இறக்கவில்லை. வெயில் தலையைப் பிளந்தது. ஒரு கையை உயர்த்தியபடியே, இன்னொரு கையால் முந்தானையை எடுத்துத் தலையில் போட்டுக்கொண்டேன்.

மிஸ்ஸின் ஞாபகமாக அந்தத் தாளை ரேஷன் கார்டோடு வைத்திருக்கிறேன். மைதானம் பெருக்கும்போது இப்போது தலையில் முந்தானை இருக்கிறது. பார்க்கத்தான் மிஸ் இல்லை.