கட்டத்துக்குள் அடங்கிய சித்தி

படக்கதைப் புத்தகத் தொழிலில் படம்தான் முதலாளி. கதை அது விட்டுவைத்த இடத்தில் ஒண்டிக்கொள்ள வேண்டும்.

ஒரே புத்தகத்தை ஒரே நாளில் ஏழு தடவை படித்துக் காட்டித் தொண்டை கட்டிப்போன அம்மா அப்பாக்களே, உங்கள் பாவத்தில் எனக்கும் பங்கு உண்டு. அந்தத் தமிழ் வரிகளை எழுதுகிறவள் நான்தான். ஈப்போவில் காதர் அண்ணேயின் புத்தகக் கடையில் எனக்கு வேலை. கார்ட்டூன் கதை, இளவரசிக் கதை எல்லாம் வெளிநாட்டிலிருந்து அவருக்குப் படமாக வந்துவிடும். பக்கத்துக்குப் பக்கம் ஒரு வெள்ளைக் கட்டம் காலியாக இருக்கும். அதில் தமிழை நிரப்புவதும், அச்சானதும் பேராக் மாநிலம் முழுக்கத் தமிழ்ப்பள்ளிகளில் மேசை போட்டு விற்பதும் என் பாடு.

வெட்டத் தெரிந்தவள்

ஆங்கிலம் நறுக்கென்று முடிந்துவிடும். தமிழ் அப்படியா? உட்கார்ந்தால் காலை நீட்டும். "அதன் பிறகு அவர்கள் எல்லாரும் மகிழ்ச்சியாக வாழ்ந்தார்கள்" என்று எழுதினால் 'வாழ்ந்தார்கள்' இளவரசனின் முகத்தில் போய் உட்காரும். காதர் அண்ணே எட்டிப் பார்ப்பார். "கதைய வெட்டுலா ரீத்தா, படத்த வெட்ட முடியாது" என்பார். நானும் வெட்டுவேன். அவர்கள் "சுகமாக இருந்தார்கள்" என்பதோடு நிறுத்திக்கொள்வார்கள்.

ஒரு கதையில் பொல்லாதவள் ஒருத்தி. இளவரசியின் அப்பாவுக்கு இரண்டாம் தாரம். சிவப்பு சூப் காய்ச்சிக் கொடுத்து இளவரசியை வாத்தாக மாற்றிவிடுவாள். அவளைக் குறிக்க 'மாற்றாந்தாய்' என்று போட்டேன். கட்டம் பிதுங்கியது. பிள்ளைகளுக்கும் புரியாது. யோசித்து யோசித்துக் கடைசியில் 'சித்தி' என்று மாற்றினேன். மூன்றே எழுத்து, பக்கத்துக்குப் பக்கம் பாந்தமாக உட்கார்ந்தது. எனக்கு ஒரே பெருமை. காதர் அண்ணே பார்த்துவிட்டு, "பாத்தியா, வெட்டத் தெரிஞ்சா இடம் தானா வருது" என்றார்.

பென்குயின் மாறிய பள்ளிக்கூடம்

தைப்பிங்கில் மேசை போட்ட அன்று வழக்கம்போல மழை. கார்ட்டூன் பென்குயின் புத்தகத்தை ஒரு இரண்டாம் வகுப்புப் பையன் எடுத்தான், வைத்தான், மறுபடி எடுத்தான். அவன் முகத்தில் அப்படி ஒரு சந்தேகம். தொலைக்காட்சியில் அந்தப் பென்குயின் மலாய்தான் பேசும். என் புத்தகத்திலோ "வாங்கடா, மீன் பிடிக்கலாம்" என்கிறது.

"ஏன்டா தம்பி, தமிழ் பேசினா பிடிக்கலையா?" என்று கேட்டேன். இல்லை என்று தலையாட்டினான். அப்புறம் என் காதருகே வந்து, "ஆன்ட்டி, இவனும் தமிழ் ஸ்கூலுக்கு மாறிட்டானா?" என்றான்.

மாஸ்க் போடாத பிள்ளைகள்

சிலிம் ரிவரில் இன்னொரு கூத்து. பனி கொட்டுகிற படம். பக்கம் முழுக்க ஒரே வெள்ளை. நடுவில் பிள்ளைகள் ஓடிப்பிடித்து விளையாடுகிறார்கள். 'வெண்பனி' என்று ஆசையாக எழுதியிருந்தேன். நம் பிள்ளைகள் பனியை எங்கே கண்டார்கள்? ஊரே வெளுத்துப் போவதென்றால் அவர்களுக்குத் தெரிந்தது ஒன்றுதான், காடு எரிகிற மாதங்களில் பள்ளியையே மூடவைப்பது.

ஒரு சின்னப் பெண் அந்தப் பக்கத்தை வெகு நேரம் பார்த்தாள். வரவரக் கவலையாகிவிட்டது அவளுக்கு. பிள்ளைகள் கதையைக் கதையாகவா படிக்கிறார்கள்? பக்கத்து வீட்டில் நடப்பது மாதிரி அல்லவா படிக்கிறார்கள்! எனக்கு அன்றைக்கே இது உறைத்திருக்க வேண்டும். நான் சிரித்துவிட்டு வந்துவிட்டேன். அவள் கேட்டது இதுதான்: "இவ்ளோ புகைமூட்டத்துல மாஸ்க் போடாம விளையாடுறாங்களே, அவங்க அம்மா ஏசலயா?"

ஆயர் தாவாரிலிருந்து வந்தவர்

ஒரு சனிக்கிழமை காலை, கடைக்கு ஒரு பெண் வந்தார். முப்பது வயது இருக்கும். ஆயர் தாவாரிலிருந்து பஸ் ஏறி வந்திருக்கிறார். பேர் செல்வி. பையிலிருந்து அந்த வாத்து இளவரசிப் புத்தகத்தை எடுத்து மேசைமேல் வைத்தார். நான் ஏதோ பக்கம் கழன்றுவிட்டது போல என்று நினைத்தேன்.

அக்காள் இறந்து இரண்டு வருடம். அக்காள் மகள் யாழினியை இவர்தான் வளர்க்கிறார். அடுத்த மாதம் பிள்ளையின் அப்பாவுக்கும் இவருக்கும் கல்யாணப் பதிவு. பள்ளியில் நான் போட்ட மேசையில் இந்தப் புத்தகத்தை ஆசையாக வாங்கிக் கொடுத்தவரும் இவரேதான். படித்த நாளிலிருந்து பிள்ளை இவர் சமைத்ததைத் தொடுவதில்லை. பள்ளிக் கேன்டீனில் நாசி லெமாக், வீட்டில் வெறும் பிஸ்கட். காலையில் எழுந்ததும் கால் விரல்கள் வாத்துக்கு மாதிரி ஒட்டிக்கொண்டுவிட்டனவா என்று பார்க்கிறாளாம். "இப்பிடியே போனா பதிவு வேணாம்னு மாமாகிட்ட சொல்லிட்டேன்" என்றார் செல்வி. "மன்னிச்சிடுங்கம்மா, கட்டம் சின்னதா இருந்துச்சு" என்று உளறினேன். நல்லா இருக்கிறதா இந்தப் பதில்? அவர் என்னைத் திட்டவே இல்லை. திட்டியிருந்தால் தேவலை.

"நான் அவ அம்மாவோட தங்கச்சி, அக்கா. என்னைய அவ வேற என்னான்னு கூப்புடுவா?" என்று மட்டும் கேட்டார்.

ஓர் எழுத்து குறைவு

மிச்சமிருந்த புத்தகங்களை எல்லாம் பரப்பி வைத்தேன். என்ன சொல் போட்டு மறைப்பது? காதர் அண்ணே மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டுப் படத்தைப் பார்த்தார். பொல்லாதவள் தலையில் முழநீளக் கிரீடம், முதல் பக்கத்திலிருந்தே இருக்கிறது. இருபது வருடமாகத் தமிழைக் கட்டத்துக்குள் அடைக்கிற மேதாவி எனக்கு அது கண்ணில் படவில்லை.

"ராணின்னே போட்டிருக்கலாமே ரீத்தா," என்றார் மெதுவாக, "அது ரெண்டெழுத்துதானலா."

பிழைத்திருத்தம்

'ராணி' என்று ஸ்டிக்கர் அடித்து ஒட்டினேன். முதல் புத்தகத்தை எடுத்துக்கொண்டு நானே ஆயர் தாவாருக்குப் போனேன். செல்வி என்னை உட்காரச் சொல்லிவிட்டு அடுப்படிக்குள் போய்விட்டார். யாழினிக்கு ஏழு வயது, மெலிந்துபோயிருந்தாள். புத்தகத்தை வாங்கினாள். ஸ்டிக்கரைக் கண்ட பிள்ளை சும்மா இருக்குமா? நகத்தால் கிள்ளி உரித்தேவிட்டாள். அடியில் 'சித்தி' அப்படியே இருந்தது. எனக்குப் போன உயிர் திரும்பி வரவில்லை.

"இது யாரு எழுதுனா?"

"நான்தான்மா. தப்பா எழுதிட்டேன். அவ சித்தி இல்ல, ராணி. சித்தின்னா உன் அம்மா கூடப் பொறந்தவங்க. சூப்புல ஒண்ணும் போட மாட்டாங்க."

அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "தப்புன்னா பிழைத்திருத்தம் எழுதணும். மூணு தடவ. டீச்சர் சொல்லிருக்காங்க."

பள்ளிப் பையைத் திறந்து நோட்டுப் புத்தகமும் பென்சிலும் எடுத்துக் கொடுத்தாள். என் வயதுக்கு அந்தக் குட்டி நாற்காலி கொள்ளவில்லை. ஆனாலும் உட்கார்ந்து எழுதினேன்: 'அவள் சித்தி இல்லை. அவள் ராணி.' இரண்டாவது வரியில் என் கண் கலங்கிவிட்டது, மறைப்பானேன். மூன்றையும் விரல் வைத்துப் படித்தாள். 'ணி' எழுதியது சரியா என்று தனியாகப் பார்த்தாள். பிறகு சிவப்புப் பென்சிலால் மூன்றுக்கும் சரி போட்டாள்.

அடுப்படியில் ரசம் கொதிக்கிற மணம். சாமான் சத்தமே இல்லை; செல்வி கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறார். யாழினி நோட்டை மூடிவிட்டு அந்தப் பக்கம் திரும்பிக் கத்தினாள்: "சித்தி, ஆன்ட்டி திருத்தம் எழுதிட்டாங்க, எனக்குச் சோறு போடு!"

இருபது வருடத்தில் நான் எழுதியவற்றில் உருப்படியானது அந்த மூன்று வரிதான், அதற்கும் கட்டத்தை விட்டு வெளியே வரவேண்டியிருந்தது.