'ஆம்' மேல வரைஞ்ச கட்டம்

எங்க ஆபீசுல அவருக்குப் பேரு கட்டம். அப்பா அம்மா வெச்ச பேரு வருகைப் பதிவேட்டுல மட்டும்தான் இருந்துச்சு. நாள் பூரா கட்டம் கட்டமா வரையிற மனுஷனை வேற எப்படிக் கூப்பிடறது? கட்டம் போட்ட சட்டையில வந்தாருன்னா அன்னைக்கு அவரு கதை முடிஞ்சுது, காபி மெஷின் வரைக்கும் துரத்தித் துரத்திக் கேலி பண்ணுவோம். அவரும் சேர்ந்து சிரிப்பாரு.

எங்க வேலை என்னன்னு முதல்ல சொல்லிடறேன், இல்லைன்னா கதை புரியாது. ஒரு ஆஸ்பத்திரியோ கம்பெனியோ புதுசா ஒரு சாஃப்ட்வேர் வாங்கும். அதை ஆயிரம் பேருக்குச் சொல்லிக் குடுக்கணும். நிஜத்துலயே கைவெச்சுப் பழகச் சொன்னா குட்டிச்சுவராயிடும். அதனால நாங்க ஒரு பொய் சாஃப்ட்வேர் செய்வோம். நிஜத் திரையைப் படம் பிடிச்சு, எந்த இடத்துல அழுத்தணுமோ அந்த இடத்து மேல கண்ணுக்குத் தெரியாத ஒரு கட்டம் வரைவோம். கட்டத்துக்குள்ள அழுத்தினா அடுத்த படம் வரும். வெளியில அழுத்தினா சிவப்புல 'தவறு, மீண்டும் முயலுங்கள்'னு வரும். படிக்கிறவங்களுக்கு நிஜத்துலயே வேலை பாக்கிற மாதிரி இருக்கும். வித்தை அவ்வளவுதான். கட்டம் வரையிறது அவரு. "இப்போது இந்தப் பொத்தானை அழுத்துங்கள்"னு குரல் குடுக்கிறது நான். அதனால அவரு என்னைக் கூப்பிடறதே "குரல்"னுதான்.

மனுஷன் வேலையில அப்படி ஒரு சுத்தம். பொத்தான் இருக்கிற அளவுக்கே கட்டம் வரையிறதுதான் எல்லாரும் பண்றது. இவரு சுத்தி ஒரு நூல் அதிகமா விடுவாரு. "வயசானவங்களும் படிப்பாங்க, குரல். கை நடுங்கி ஓரத்துல பட்டாலும் தப்புன்னு காட்டக் கூடாது. பாவம், மனசு விட்டுடுவாங்க"ன்னு சொல்லுவாரு. கல்யாணம் பண்ணிக்கல. அப்பா அம்மா சீக்கிரமே போயிட்டாங்க. தங்கச்சியைப் படிக்க வெச்சு நர்ஸ் ஆக்கினது இவருதான். அந்தப் பொண்ணு முதல் தடவை யூனிஃபார்ம் போட்ட போட்டோ அவரு மானிட்டர் ஓரத்துல ஒட்டியிருக்கும். தங்கச்சி பேச்சை எடுத்தா லேசுல வாயை மூட மாட்டாரு.

தங்கச்சி வேலை பாக்கிற ஆஸ்பத்திரியே எங்ககிட்ட வந்துச்சு. நோயாளிக்கு மருந்து குடுக்கிறதுக்கு முன்னாடி கம்ப்யூட்டர்ல பதிவு பண்ற சாஃப்ட்வேர். நர்ஸுங்க எல்லாரும் பயிற்சி முடிக்கணும். தேர்வுல நூத்துக்கு நூறு வாங்கினாத்தான் வார்டுக்குள்ள போகலாம்.

திரையைப் படம் பிடிக்க ஆஸ்பத்திரிக்காரங்க ஒரு சோதனை நோயாளியைக் குடுத்தாங்க. நிஜ ஆள் இல்லை, கம்ப்யூட்டருக்குள்ள மட்டும் இருக்கிற ஆள். எந்தப் புண்ணியவான் நிரப்பினானோ, அந்த ஆளுக்கு எல்லா மருந்தும் ஒவ்வாதுன்னு எழுதி வெச்சிருந்தான். எந்த மருந்தைப் பதிஞ்சாலும் ஒரு பெட்டி குதிச்சு வரும். 'இந்த மருந்து இந்த நோயாளிக்கு ஒவ்வாது. தொடரவா? ஆம், இல்லை.' 'இல்லை' அழுத்தினா பாடம் அங்கேயே நின்னுடும். அடுத்த திரையைப் படம் பிடிக்க முடியாது.

நோயாளியை மாத்திக் குடுங்கன்னு கட்டம் மூணு தடவை எழுதினாரு. பதிலே இல்லை. கெடு வெள்ளிக்கிழமை. மேனேஜரோ தலைமேல ஏறி உக்காந்திருந்தாரு. வேற வழியில்லாம, எச்சரிக்கை வந்த படத்துல 'ஆம்' மேல கட்டம் வரைஞ்சு பாடத்தை நகர்த்தினாரு. "இப்போதைக்கு இருக்கட்டும், அப்புறம் மாத்திக்கலாம்"னாரு. அந்த இடத்துக்கு எனக்கு எழுதிக் குடுத்த வரி 'எச்சரிக்கை வரும். ஆம் என்பதை அழுத்தித் தொடருங்கள்.' வரி மொட்டையா இருக்கேன்னு, நடுவுல நானே ஒரு வார்த்தை சேர்த்துப் பேசினேன். 'கவலை வேண்டாம்.' கேக்கிறவங்களுக்கு இதமா இருக்கட்டும்னு நினைச்சேன். எனக்குப் புத்தி அவ்வளவுதான்.

சரிபார்க்க ஆஸ்பத்திரிக்கு அனுப்பினோம். பதினாலு திருத்தம் சொல்லித் திருப்பி அனுப்பினாங்க. பதினாலும் எதைப் பத்தின்னு நினைக்கிறீங்க? அவங்க சின்னத்தோட நீலம் வெளிறிப் போயிருக்காம், எழுத்து கொஞ்சம் பெருசா இருக்கணுமாம். 'ஆம்' பத்தி ஒரு வார்த்தை இல்லை. கட்டமும் அடுத்த வேலைக்குள்ள முங்கிப் போனாரு. அந்த 'அப்புறம்' வரவே இல்லை.

பயிற்சி தொடங்கின வாரம் தங்கச்சி போன் பண்ணிச்சு. நான் பக்கத்து நாற்காலியில தட்டச்சு பண்ணிட்டிருந்தேன். போன் ஸ்பீக்கர்ல இருந்துச்சு.

"அண்ணா, உன் பாடத்துல ஒண்ணு தப்பா இருக்கு. மருந்து ஒவ்வாதுன்னு பெட்டி வந்துச்சு, நான் 'இல்லை' அழுத்தினேன். தப்புன்னு சிவப்புல காட்டுது. தொண்ணூத்தஞ்சுதான் வந்துச்சு."

"அது ஒண்ணுமில்லைடா, அந்தச் சோதனை நோயாளியால வர்ற தொல்லை. 'ஆம்' அழுத்து, நூறு வந்துடும்."

"ஆனா நிஜத்துல?"

"நிஜத்துல உனக்குத் தெரியாதா? நீ பரீட்சையை முடி முதல்ல."

ரெண்டு பேரும் சிரிச்சாங்க. நானும்தான் சிரிச்சேன்.

எட்டு மாசம் போச்சு. ஒரு நாள் காலையில மேனேஜர் வந்து, அந்த ஆஸ்பத்திரியில ஒரு டீச்சரம்மா செத்துப்போயிட்டாங்கன்னு சொன்னாரு. காலுல சின்னப் புண்ணு. ஒவ்வாத ஊசியைப் போட்டிருக்காங்க, பத்து நிமிஷத்துல மூச்சு நின்னுடுச்சாம். கம்ப்யூட்டர் எச்சரிச்சிருக்கு, நர்ஸ் 'ஆம்' அழுத்திட்டாங்களாம். விசாரணை வருதாம்.

கட்டம் சட்டுனு எழுந்தாரு. நேரா என் ரெக்கார்டிங் அறைக்கு வந்தாரு. "குரல், ஒரே ஒரு வரி. இப்பவே." காகிதத்துல எழுதியிருந்ததைப் படிச்சேன். 'எச்சரிக்கையைக் கவனமாகப் படியுங்கள். இல்லை என்பதை அழுத்தி மருத்துவரிடம் சொல்லுங்கள்.' ஏன், எதுக்குன்னு நான் கேக்கல. கேக்காமலே எனக்குப் புரிஞ்சுது. அவரு கட்டத்தை 'ஆம்'ல இருந்து எடுத்து 'இல்லை' மேல வெச்சாரு. எங்க தொழில்ல ஒரு பழக்கம், திருத்தினதைப் பழசு மேலேயே அதே பேருல ஏத்திடுவோம். எது புதுசு எது பழசுன்னு யாரும் குழம்பக் கூடாதுன்னு. ஏத்தினதும் பழசு போயிடும். அரை மணி நேரத்துல எல்லாம் முடிஞ்சுது.

அவரு நாற்காலியில வந்து உக்காரும்போது தங்கச்சி வீட்டுக்காரர் போன் பண்ணாரு. "மச்சான், இவ காலையில இருந்து பேசவே மாட்டேங்கிறா. ஆஸ்பத்திரியில ஒரு டீச்சர்..." அதுக்கு மேல கட்டம் கேக்கல. போனைக் கீழ வெச்சுட்டு மானிட்டர் ஓரத்துல இருந்த போட்டோவையே பாத்துக்கிட்டிருந்தாரு.

ஊசி போட்டது தங்கச்சிதான். அன்னைக்கு ஒரே ஆளா பதினாறு பேரைப் பாத்துக்கிட்டிருந்துச்சாம். மருந்து எழுதின டாக்டரு, "கம்ப்யூட்டர் எச்சரிக்கும்னு இருந்தேன்"னு கையைக் கழுவிட்டாரு. தப்பு அந்தப் பொண்ணு மேலன்னு முடிவானா நர்ஸ் உரிமமே போயிடும், இனி எந்த ஆஸ்பத்திரியிலயும் கால் வைக்க முடியாது. அதுக்கு இருந்த ஒரே பதில், "பயிற்சியில 'ஆம்'னுதான் சொல்லிக் குடுத்தாங்க." அதையே சொல்லுச்சு. கூடப் பயிற்சி எடுத்த நர்ஸுங்க வேலை போயிடும்னு பயந்து வாயைத் திறக்கல. சரி, பயிற்சியைப் போட்டுக் காட்டுங்கன்னு விசாரணைக் குழு கேட்டுச்சு.

போட்டுக் காட்டப் போனது யாரு? கம்பெனி அனுப்பின ஆளு கட்டம்தான். என்ன கொடுமை பாருங்க! அத்தனை பேரு முன்னாடி அவரே மவுஸைப் பிடிச்சு ஒவ்வொரு திரையா நகர்த்தினாரு. எச்சரிக்கை வந்துச்சு. என் குரல் பெரிய ஸ்பீக்கர்ல 'இல்லை என்பதை அழுத்தி மருத்துவரிடம் சொல்லுங்கள்'னு சொல்லிச்சு. குழுவோட தலைவரம்மா கண்ணாடியைக் கழட்டிட்டு, "பாடம் சரியாத்தானே இருக்கு? நீங்க நூத்துக்கு நூறு வாங்கியிருக்கீங்களே? அப்புறம் ஏன் பொய் சொல்றீங்க?"ன்னு கேட்டாங்களாம். தங்கச்சி அண்ணனைப் பாத்துச்சாம். அந்தப் போனைப் பத்தி ஒரு வார்த்தை பேசலையாம். இவரு கீபோர்டைப் பாத்துக்கிட்டு நின்னிருக்காரு.

திரும்பி வந்து மாடிப்படியில உக்காந்துதான் என்கிட்ட இதைச் சொன்னாரு. "என்னைக் காட்டிக் குடுக்கல, குரல். நான் போன்ல சொன்னதைக் கையில வெச்சுக்கிட்டே அது காட்டிக் குடுக்கல. நான் வாயைத் திறக்கல." குலுங்கிக் குலுங்கி அழுதாரு. எனக்குக் கோவம் பொத்துக்கிட்டு வந்துச்சு. "அழுது என்ன ஆகப் போவுது? போய்ச் சொல்லுங்க!"ன்னு கத்தினேன்.

"சொன்னா நம்பணுமே? தங்கச்சியைக் காப்பாத்த அண்ணன் பொய் சொல்றான்னுவாங்க. பழசு எங்க இருக்கு? நான்தானே அழிச்சேன்." கண்ணைத் துடைச்சுக்கிட்டுக் கேட்டாரு. "உங்க பழைய குரல் இருக்கா?"

இருந்துச்சு. பேசினது எதையும் நான் அழிக்கிறதில்லை, தேதியோட அப்படியே கிடக்கும். ஆனா நான் என்ன சொன்னேன் தெரியுமா? "தேடிப் பாக்கிறேன்." கத்தினவ நான்தான். ரெண்டு நாள் தேடற மாதிரி நடிச்சேன். வாயைத் திறக்கிறவங்க வேலையை மறந்துடணும்னு மேனேஜர் சொல்லியிருந்தாரு. அதை விட, அந்த ரெக்கார்டிங்கைப் போட்டுக் கேட்டப்ப 'கவலை வேண்டாம்'னு வந்துச்சு பாருங்க, அங்கேயே நிறுத்திட்டேன். அந்த ஒரு வார்த்தை காகிதத்துல இல்லை. அது முழுக்க என்னோடது.

மூணாவது நாள் குடுத்தேன். விசாரணைக் குழு முன்னாடி ரெண்டு பேருமே போனோம்.

கட்டம் எழுந்து நின்னு எல்லாத்தையும் சொன்னாரு. சோதனை நோயாளி, மூணு கடிதம், கெடு, அழிச்சது, கடைசியா அந்தப் போன். "முதல் தடவை என் தங்கச்சி சரியாத்தான் அழுத்திச்சு. தப்பா அழுத்தச் சொன்னது நான்"னு முடிச்சாரு. ரெக்கார்டிங்கைப் போட்டாங்க. 'எச்சரிக்கை வரும். கவலை வேண்டாம். ஆம் என்பதை அழுத்தித் தொடருங்கள்.'

பின் வரிசையில ஒருத்தர் எழுந்தாரு. டீச்சரோட வீட்டுக்காரர், தையல்காரர். விரல் நுனியெல்லாம் ஊசி குத்தின தழும்பு. "இது யாரு குரல்?"னு கேட்டாரு.

"என்னோடதுங்க"ன்னேன்.

என்னைப் பாத்தாரு. திட்டுவாருன்னு நினைச்சேன், அடிச்சாக்கூட வாங்கிக்கிறதுன்னு நின்னேன். "நல்ல குரலும்மா. யாரா இருந்தாலும் நம்பத்தான் செய்வாங்க"ன்னு சொல்லிட்டு உக்காந்துட்டாரு. மறுபடி அவரு முகத்தை நான் நிமிர்ந்து பாக்கல.

தங்கச்சியோட உரிமம் தப்பிச்சுது. ஆறு மாசம் கழிச்சு வேலைக்குத் திரும்பலாம்னு கடிதம், உரிமத்துல பழைய விலாசமே இருந்ததால, அண்ணன் வீட்டுக்கு வந்துச்சு. எங்களைச் சாட்சி சொன்ன அடுத்த நாளே கம்பெனியை விட்டு வெளியில அனுப்பிட்டாங்க, அது எதிர்பாத்ததுதான். கட்டத்துக்கு அந்தக் கடிதத்தைத் தன் கையால தங்கச்சிகிட்ட குடுக்கணும்னு ஆசை. தனியாப் போகத் தைரியம் இல்லாம என்னையும் கூட்டிட்டுப் போனாரு.

கதவைத் திறந்தது தங்கச்சிதான். வாசல்லயே நின்னு கடிதத்தைப் படிச்சுது. ரெண்டா மடிச்சு அண்ணன் கையிலேயே திருப்பிக் குடுத்துச்சு.

"இனிமே எனக்கு இது வேண்டாம்ணா."

"ஏன்டா? அதான் தப்பு உன் மேல மட்டும் இல்லைன்னு எழுதியிருக்காங்களே."

"அன்னைக்கும் அந்தப் பெட்டியை நான் முழுசாப் படிச்சேன். ஒரு நிமிஷம் கை நின்னுச்சு. அப்புறம்தான் நீ சொன்னது ஞாபகம் வந்துச்சு."

"நான் பரீட்சைக்குத்தானேடா சொன்னேன்?"

"நீ சொன்னா எனக்கு எல்லாத்துக்கும்தான்ணா."

கட்டம் அந்தக் கடிதத்தைப் பிடிச்சுக்கிட்டு வாசல்லயே நின்னாரு. உள்ள வான்னு தங்கச்சி கூப்பிடல. கதவையும் சாத்தல. நான்தான் அவரு கையைப் பிடிச்சுத் தெருவுக்குக் கூட்டிட்டு வந்தேன்.