நூற்றியோராவது உருண்டை

செல்லாத்தாளைப் பற்றிப் பேசுகிறவர்கள் முதலில் அவளுடைய எள்ளுருண்டையைப் பற்றித்தான் பேசுவார்கள். அவள் குணத்தைப் பற்றிப் பேசுகிற துணிச்சல் யாருக்கும் இல்லை என்பதும் அதற்கு ஒரு காரணம். பீளமேட்டுக்குக் கிழக்கே பருத்திக் காட்டுக்கு நடுவில் அவள் வீடு. பதினைந்து வயதில் பாலுசாமிக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவள், பத்து வருஷத்துக்குள் மாமியாரை ஒரு மூலையிலும் புருஷனை இன்னொரு மூலையிலும் உட்கார வைத்துவிட்டாள். மாமியார் செத்துப்போனாள். பாலுசாமி இன்னும் அந்த மூலையில்தான் இருந்தார்.

அவள் உருண்டை அடுப்பே மூட்டாத பலகாரம். எள்ளை ஊறவைத்து, சாக்கில் போட்டுத் தேய்த்துத் தோலை எடுத்து, வெயிலில் காயவைத்து, கருப்பட்டியோடு சேர்த்து உரலில் இடிக்க வேண்டும். நெய் வேண்டாம், பாகு வேண்டாம். இடிக்க இடிக்க எள்ளே எண்ணெய் கக்கும். அந்த ஈரத்திலேயே மாவு பிடிக்க வந்துவிடும். பெரியவளான பெண்ணுக்கு அது இடுப்புக்குப் பலம் என்பதால், தாய்மாமன் வீட்டுச் சீரில் நூற்றியொரு எள்ளுருண்டை இல்லாமல் அந்தப் பக்கத்தில் சீர் நடக்காது. மாவு இடித்து முடிந்ததும் செல்லாத்தாள் எல்லோரையும் வெளியே போகச் சொல்லிக் கதவைச் சாத்திக்கொள்வாள். இடுப்பில் செருகியிருக்கும் சுருக்குப்பையிலிருந்து கொஞ்சம் சுக்குப் பொடியை எடுத்து மாவில் கலப்பாள். உருண்டையைத் தின்றால் முதலில் இனிப்புத்தான் தெரியும். விழுங்கிய பிறகு தொண்டையில் சுருக்கென்று ஒரு காரம் பிடிக்கும். அந்தச் சுருக்குக்குத்தான் ஊரே அடிமை. அது எங்கிருந்து வருகிறது என்று ஒருவருக்கும் தெரியாது.

முதல் உருண்டை சாமிக்கு. அதைச் சுவரில் இருக்கும் மாடக்குழியில், குலதெய்வத்துக்கு முடிந்துவைத்த மஞ்சள் துணிக்குப் பக்கத்தில் வைப்பாள். மறுநாள் காலையில் எடுத்துப் பசுவுக்குக் கொடுப்பாள். அது கணக்கில் சேராது. அடுத்த உருண்டையிலிருந்துதான் ‘ஒண்ணு’ என்று வாய்விட்டு எண்ணுவாள்.

உருண்டை பிடிப்பது அவள். இடிப்பது யார் என்று யாரும் கேட்டதில்லை. கடைசி நாலு வருஷமாக இடித்தவள் மருமகள் சாமியாத்தாள். சூலூர்ப் பக்கத்திலிருந்து மகன் ஆறுச்சாமிக்குக் கட்டிக்கொண்டு வந்த பெண். நாலு வருஷத்தில் எத்தனையோ வள்ளம் எள்ளை இடித்திருப்பாள். ஒரு உருண்டையை அவள் கையில் யாரும் கொடுத்ததில்லை. வழித்த மாவை விரலில் தொட்டு நக்கினால்கூட, “அம்மணிக்கு நாக்கு நீளுதாக்கும்” என்று சத்தம் வரும். அதனால் அவள் வாசத்தோடு நிறுத்திக்கொண்டாள்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்து நாலாம் வருஷம் கார்த்திகை மாதம், தாராபுரத்தில் பாலுசாமியின் தங்கை முத்தாத்தாளின் மூத்த மகள் பெரியவளானாள். சீர் கொண்டுபோக வேண்டும். அப்போது சாமியாத்தாள் முழுகாமல் மூன்று மாதம். நாலு வருஷம் காத்திருந்து வந்த பிள்ளை. எள்ளு சூடு, பிள்ளைத்தாய்ச்சி வாயில் படக்கூடாது, கரு தங்காது என்று அங்கே எல்லோரும் நம்பினார்கள். செல்லாத்தாள் அதை ஒரு நாளைக்கு மூன்று தடவை சொன்னாள். சொல்லிவிட்டு உலக்கையை எடுத்து மருமகள் கையில் கொடுத்தாள்.

“குனிஞ்சு நிமிந்து வேல செஞ்சாத்தான் அலுங்காமப் பெத்தெடுக்கலாம். நானெல்லாம் மாசமா இருக்கையில உலக்கையக் கீழ வெச்சவளே இல்ல.”

அது பொய். அவள் மாசமாக இருந்தபோது அவளுடைய மாமியார்தான் இடித்தாள். பாலுசாமிக்கு அது தெரியும். அவர் மாட்டுக்குச் சோளத்தட்டு வெட்டிக்கொண்டிருந்தார்.

சாமியாத்தாள் விடியலில் பிடித்த உலக்கையைப் பொழுது சாயும்போதுதான் வைத்தாள். நடுவில் ஒருமுறை உரலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். “என்ன, மகாராணிக்குக் கால் அமுக்கி உடோணுமா?” என்றாள் செல்லாத்தாள். மருமகள் எழுந்துகொண்டாள்.

பிறகு செல்லாத்தாள் கதவைச் சாத்திக்கொண்டு சுக்கைக் கலந்தாள். முதல் உருண்டையை மாடக்குழியில் வைத்தாள். வாசலில் மீதி எள்ளைக் கோழி கொத்துகிற சத்தம் கேட்டது. உள்ளே இருந்தபடியே எழுந்து நின்று மருமகளின் பிறந்த வீட்டை மூன்று தலைமுறைக்குத் திட்டித் தீர்த்தாள். திட்டிவிட்டு மறுபடி உட்கார்ந்து பிடித்து முடித்து, நூற்றியொன்று என்று பித்தளைப் போசியில் அடுக்கி, வெள்ளைத் துணியால் வாய் கட்டினாள். போசி இருந்த அறையில் அன்றைக்குப் படுத்தவள் சாமியாத்தாள் ஒருத்திதான். மறுநாள் கோழி கூப்பிடும் முன்பே எல்லோரும் மோட்டார் பஸ்ஸைப் பிடிக்கக் கிளம்பிவிட்டார்கள். சாமியாத்தாள் வீட்டுக் காவலுக்கு நின்றாள்.

தாராபுரத்தில் சபை கூடியிருந்தது. முத்தாத்தாளுக்கு அண்ணி மேல் இருபது வருஷத்துக் கோபம். தட்டில் உருண்டைகளை அவளே எடுத்து வைத்தாள், ஊருக்கே கேட்கும்படி எண்ணிக்கொண்டு. நூறோடு போசி காலியானது. அவள் போசியைத் தலைகீழாகக் கவிழ்த்துக் காட்டினாள்.

“ஏனுங் நங்கையா, எங்கண்ணன் ஊட்டுல ஒத்தப்படைக்கு எள்ளு பத்தலீங்களா? நல்ல காரியத்துக்கு ரெட்டப்படையில கொண்டாந்திருக்கறீங்க.”

பெண்கள் முந்தானையால் வாயை மூடிக்கொண்டார்கள். செல்லாத்தாள் இருபத்தைந்து வருஷமாகச் சேர்த்த பெயர் அந்த ஒரு நிமிஷத்தில் சந்தி சிரித்தது. பஸ்ஸில் திரும்பி வரும்போது பல்லடம் தாண்டுவதற்குள் திருடியைக் கண்டுபிடித்துவிட்டாள்.

வாசலில் கால் வைத்ததும் மருமகளிடம் கேட்டாள்.

“போசியத் தொறந்தியா?”

“இல்லீங்க அத்தை.”

“தின்னியான்னு கேக்கறேன்.”

“இல்லீங்க அத்தை. நீங்க கட்டுன கட்டு அப்பிடியேதானுங்க இருந்துச்சு.”

“அப்ப போசி தின்னுபோட்டுதாக்கும்.”

ஆறுச்சாமி பக்கத்தில்தான் நின்றான். சாமியாத்தாள் அவன் முகத்தைப் பார்த்தாள். அவன் செருப்பைப் பார்த்தான்.

மறுநாள் அவளுக்கு இடுப்பு வலி எடுத்தது. அதற்கு அடுத்த நாள் கரு கலைந்துவிட்டது. மருத்துவச்சி சுப்பாத்தாள் வந்தாள். செய்ய வேண்டியதைச் செய்துவிட்டு, கிடந்தவளின் உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தாள். இரண்டு கையிலும் கொப்புளம் உடைந்து தோல் உரிந்திருந்தது.

“எத்தன வள்ளம் இடிச்சே கண்ணு?”

சாமியாத்தாள் வாயைத் திறப்பதற்குள் செல்லாத்தாள் உள்ளே வந்தாள். “அவ எள்ளத் தின்னுபோட்டாளுங்க. திருடித் தின்னு என்ற பேரனக் கொன்னுபோட்டா.” மருத்துவச்சி அவளை நிமிர்ந்து பார்த்தாள். அந்த வீட்டிலிருந்துதான் அவளுக்கு வருஷத்துச் சோளம் வருகிறது. கொப்புளக் கையை மெல்லக் கீழே வைத்துவிட்டு எழுந்து போனாள். உலக்கையைப் பற்றி அதன் பிறகு ஒருவரும் பேசவில்லை.

ஒரு வாரத்தில் ஊர் முழுக்கப் பேச்சு. ஒரு உருண்டைக்கு ஆசைப்பட்டு வயிற்றுப் பிள்ளையைத் தின்றவள் என்று கிணற்றடியில் பேசினார்கள். அப்பன் சுப்பண்ணன் வண்டி கட்டிக்கொண்டு வந்து மகளைக் கூட்டிக்கொண்டு போனார். அவள் ஏறும்போது செல்லாத்தாள் கதவைப் பிடித்துக்கொண்டு நின்று, தின்றதை ஒப்புக்கொள்ளாதவரைக்கும் இந்த வாசலை மிதிக்கக்கூடாது என்றாள்.

மார்கழிக் கடைசியில் செல்லாத்தாள் பொங்கலுக்காகச் சாணம் போட்டு வீடு வழித்தாள். மாடக்குழியைத் துடைப்பதற்காக மஞ்சள் துணியை எடுத்தபோது கைக்கு ஏதோ தட்டுப்பட்டது. இழுத்துப் பார்த்தாள். எள்ளுருண்டை. ஒரு பக்கம் எறும்பு குடைந்திருந்தது, மற்றபடி முழுசாக இருந்தது.

சாமி உருண்டை. விடியலில் பஸ்ஸுக்கு ஓடிய அவசரத்தில் பசுவுக்குக் கொடுக்காமல் விட்டது. அதோடு போகவில்லை. அவள் அங்கேயே நின்று அந்த நாளை மறுபடி ஓட்டிப் பார்த்தாள். இந்த உருண்டையை வைத்தது, கோழிச் சத்தம், திட்டியது, திரும்பி உட்கார்ந்தது. உட்கார்ந்து அடுத்த உருண்டையைப் பிடித்தபோது தன் வாயிலிருந்து வந்தது ‘ஒண்ணு’ அல்ல, ‘ரெண்டு’ என்பது அவளுக்கு இப்போது காதில் விழுவது போலக் கேட்டது. சாமி உருண்டையையும் சேர்த்தே எண்ணியிருக்கிறாள். போசிக்குள் நூறுதான் போயிருக்கிறது. ஒருத்தியும் தொடவில்லை.

அப்படியே தரையில் உட்கார்ந்தாள். அழுதாளா என்று கேட்டால், இல்லை. அவள் நினைத்தது முத்தாத்தாளை. இது வெளியே தெரிந்தால் தாராபுரத்தில் என்ன சிரிப்புச் சிரிப்பாள் என்று நினைத்தாள். எண்ணத் தெரியாதவள் என்று பேர் வரும், மருமகள் மேல் பழி போட்டவள் என்று பேர் வரும், அதற்கப்புறம் யாராவது உலக்கையைப் பற்றிப் பேச ஆரம்பிப்பார்கள். உருண்டையை எருக்குழியில் போட்டால் யாராவது பார்க்கலாம். எறும்பை ஊதித் தள்ளிவிட்டு, அங்கேயே உட்கார்ந்து அதைத் தின்று முடித்தாள். இனிப்பு இருந்தது. சுக்கும் சுருக்கென்று இருந்தது. பிறகு மாடக்குழிக்குச் சுண்ணாம்பு அடித்தாள்.

தை மாதம் பத்தாம் தேதி சுப்பண்ணனின் வண்டி வாசலில் வந்து நின்றது. கூட ஊர்ப் பெரியவர்கள் இரண்டு பேர். வண்டிச் சத்தம் கேட்டதும் செல்லாத்தாள் கையிலிருந்த வேலையை விட்டு எழுந்தாள். தெரிந்துபோயிற்று, கேட்க வந்திருக்கிறார்கள் என்றே நினைத்தாள். கண் தானாக மாடக்குழிப் பக்கம் போனது.

சுப்பண்ணன் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு நின்றார். “புள்ள அறியாத்தனமாப் பண்ணிப்போட்டாளுங்க அம்மணி. அவளே சொல்றாளுங்க. நீங்கதான் பெரிய மனசு பண்ணோணும்.”

சாமியாத்தாள் வந்து செல்லாத்தாளின் காலில் விழுந்தாள். நெற்றி தரையில் பட்டது. இரண்டு மாதத்தில் பாதியாக இளைத்திருந்தாள். வீட்டில் கல்யாணத்துக்கு இரண்டு தங்கைகள். அக்காள் வாழாவெட்டியாக இருக்கும் வீட்டுக்கு யார் பெண் கேட்டு வருவார்கள்? அப்பன் சொல்லிக் கொடுத்ததை அவள் ஒரு எழுத்து பிசகாமல் சொன்னாள்.

“நாந்தானுங்க அத்தை தின்னேன். ஆச அடக்க முடியலீங்க. போசியத் தொறந்து ஒண்ணு எடுத்துத் தின்னுபோட்டேனுங்க.”

பெரியவர்கள் உச்சுக் கொட்டினார்கள். பாலுசாமி கண்ணைத் துடைத்துக்கொண்டார். அந்த வாசலில் இத்தனை பேர் நின்றார்கள். அது பொய் என்று, சொல்லிக் கொடுத்த அப்பனையும் சொன்ன மகளையும் விட்டால், தெரிந்தவள் செல்லாத்தாள் ஒருத்திதான். அவள் ஒரு வார்த்தை சொன்னால் போதும். காலடியில் கிடந்த தலையைப் பார்த்தாள். பயம் எங்கே போயிற்று என்று தெரியவில்லை. வயிறு குளிர்ந்துவிட்டது. ஒரு நல்ல தூக்கம் தூங்கி எழுந்தது மாதிரி இருந்தது.

“கேட்டுக்கிட்டீங்களா எல்லாரும்? நானென்ன இல்லாததையா சொன்னேன்?”

“அதான் ஒத்துக்கிட்டாளேங்க,” என்றார் ஒரு பெரியவர்.

“இருக்கட்டும். போட்டுத் தொலைக்கவா முடியும். ஆனா, வயித்துப் புள்ளையத் தின்னவள நம்பி என்ற பையன் உக்காந்திருக்க முடியாதுங்க. அவனுக்கு வேற எடம் பாக்கறேன். இவ இங்கயே கெடக்கட்டும். இடிக்கறதுக்கும் ஆள் வேணுமல்லங்க.”

அதைக் கருணை என்றே ஊர் சொன்னது. சுப்பண்ணன் கும்பிட்டுவிட்டு வண்டியைத் திருப்பினார்.

வைகாசியில் ஆறுச்சாமிக்குப் பொள்ளாச்சியிலிருந்து மாசாணியம்மாளைக் கட்டி வைத்தார்கள். ஆவணிக்கெல்லாம் அவள் முழுகாமல் இருந்தாள். செல்லாத்தாள் அவளை உலக்கைப் பக்கமே போகவிடவில்லை. தண்ணீர்க் குடத்தைக்கூடத் தூக்கவிடவில்லை. “அலுங்காம இரு கண்ணு, மொதல் மூணு மாசம் இடுப்பு அசையப்படாது,” என்றாள். சாமியாத்தாள் உரலுக்குப் பக்கத்தில் நின்று அதைக் கேட்டாள்.

கார்த்திகை மறுபடி வந்தது. முத்தாத்தாளின் இளைய மகள் பெரியவளானாள். இந்த முறை கணக்குத் தப்பக்கூடாது என்று செல்லாத்தாள் வீம்பாக இருந்தாள். சாமியாத்தாள் விடியலிலிருந்து இடித்தாள். செல்லாத்தாள் சாமி உருண்டையைத் தனியே வைத்து, ஒண்ணு என்று சத்தமாகத் தொடங்கி, நூற்றியொன்றையும் மூன்று தடவை எண்ணினாள். கொஞ்சம் மாவு மிஞ்சியது. அதையும் ஒரு உருண்டையாகப் பிடித்தாள். ஒரு வருஷமாக யாரிடமும் சொல்ல முடியாத ஒன்று அவள் நாக்கில் அரித்துக்கொண்டிருந்தது. கதவைத் திறந்து உரலடிக்குப் போனாள்.

“இந்தா. தின்னு. உனக்குத்தான் இனி எள்ளு ஆகாதுன்னு ஒண்ணுமில்லயே.”

சாமியாத்தாள் நம்பாமல் பார்த்தாள். பிறகு கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு வாங்கி வாயில் போட்டாள். ஐந்து வருஷத்தில் முதல் தடவை. மெதுவாக மென்றாள். விழுங்கினாள். விழுங்கியதும் தொண்டையில் சுருக்கென்று பிடித்தது. எதிர்பார்க்காத காரத்தில் இருமினாள். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. இது என்ன என்பது போல மாமியாரை நிமிர்ந்து பார்த்தாள்.

செல்லாத்தாள் அதற்குத்தான் நின்றுகொண்டிருந்தாள்.

“ஏன் அம்மணி, அன்னிக்குத் தின்னது இப்பிடிச் சுருக்குன்னு இல்லையா?”

சாமியாத்தாள் அந்த முகத்தையே பார்த்தாள். அத்தைக்குத் தெரியும், தான் தொடவே இல்லை என்பது அன்றைக்குக் காலில் விழுந்தபோதே தெரியும் என்பது மெல்ல உள்ளே இறங்கியது. உள்ளே மாசாணியம்மாள் யாரிடமோ சிரித்துப் பேசிக்கொண்டிருந்தாள்.

“இருந்துச்சுங்க அத்தை,” என்று சொல்லிவிட்டு, உரலில் ஒட்டியிருந்த மாவை வழிக்கக் குனிந்தாள்.